ஓய்வூதியமும் மறுஊதியமும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து கோவளத்துப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது நண்பர் ஒருவர் நம் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். நெம்மேலியில் நமக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் கணிதம் போதித்தவர். சென்ற ஆண்டு ஜனவரியில் அறுபது வயது நிறைவெய்தி, கல்வியாண்டின் நடுவே மாணவர் ஆசிரியரை இழக்கலாகாது என்னும் ஏற்பாட்டின்படி அவ்வாண்டின் இறுதிவரை மறுநியமனத்தில் பணியாற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். எனக்குப் பென்ஷன் வருகிறது. பழைய பள்ளியில் என் இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வந்து பத்தாம் வகுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து ஒரு தொகை தருகிறோம் என்று தலைமையாசிரியர் அழைக்கிறார். போனால் அந்தப் பணம் எனக்கு ஹலாலா? ஒரே ஆள் இரண்டு கூலி வாங்கலாமா?"

'இதில் ஐயம் என்ன சார், உழைத்து வாங்கும் கூலி ஹலால்தான்' என்று சொல்ல நம் நாவு எழுந்தது. ஆனால் அவர் முகத்தில் வேறு ஏதோ இருந்தது. சற்றுத் தயங்கிவிட்டு அவரே சொன்னார்: "என் தங்கை மகள் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துத் தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறாள். அதே இடத்துக்கு அவளும் மனுக் கொடுத்திருக்கிறாளாம். எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது."

அடுத்த ஜும்ஆவில் விடை சொல்வதாகக் கூறி வந்துவிட்டோம். கிதாபுகளைப் புரட்டுவதற்காக மட்டும் தவணை கேட்கவில்லை. இந்தக் கேள்வி நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் வெளியே சொல்லப்படாமல் புழுங்கிக்கொண்டிருக்கும் கேள்வி என்பது அன்றிரவுதான் நமக்கு உறைத்தது. தந்தை ஓய்வு பெற்று மறுபடியும் ஏதோ ஓர் அலுவலகத்தில் அமர்கிறார். மகன் பட்டத்தைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வேலை தேடுகிறான். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து உண்கிறார்கள். ஒருவர் மற்றவரிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலில் ஓய்வூதியம் என்பது யாது? அது அரசு இரங்கி அளிக்கும் கொடை என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் சும்மா இருப்பவருக்கு எதற்குப் பணம் என்று கேட்கும் அண்டை வீட்டாரும் உண்டு. 1971ஆம் ஆண்டில் தேவகி நந்தன் பிரசாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த பிச்சை அன்று, ஊழியரின் உரிமை என்று தீர்த்தது. 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் அதனை இன்னும் விரித்துரைத்தது. இளமையின் வலிமை இருந்த காலத்தில் உழைத்ததற்கான ஊதியத்தில் ஒரு பகுதி, வலிமை குன்றிய காலத்திற்கென ஒத்திவைக்கப்பட்டதே ஓய்வூதியம் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. அந்நாளை ஓய்வூதியர்கள் இன்றும் தம் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

'ஒத்திவைக்கப்பட்ட ஊதியம்' என்றதும் ஓதியவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். நம் நிக்காஹ் பதிவேடுகளில் மஹரைப் பற்றி 'முஅஜ்ஜல்' என்று எழுதுகிறோம். அரபியில் இப்பெயரில் இரண்டு சொற்கள் உண்டு. ஐன் என்னும் எழுத்தால் எழுதினால் உடனே கொடுப்பது. ஹம்ஸாவால் எழுதினால் பின்னர் கொடுப்பது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இதனால் எழுந்த வழக்குகளை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அது வேறு கதை. நமக்கு வேண்டியது இரண்டாவது சொல். பின்னர் தருவதாகக் கணவன் ஏற்றுக்கொண்ட மஹர் அவன்மீது கடன். மனைவி பிற்காலத்தில் தையல் வேலை செய்தோ, பள்ளியில் பாடம் சொல்லியோ பொருள் ஈட்டினாள் என்று வைத்துக்கொள்வோம். "உனக்குத்தான் வருமானம் இருக்கிறதே, மஹரில் அந்த அளவைக் கழித்துக்கொள்கிறேன்" என்று கணவன் கூறினால் எந்தக் காஜியாவது ஒப்புவாரா? கடன்பட்டவன் கடனைத் தீர்க்க வேண்டும். கடன் கொடுத்தவர் வேறு வழியில் சம்பாதிப்பதைக் காட்டி அதைச் சுருக்க இயலாது. ஓய்வூதியமும் அத்தகையதே. ஆதலால் 'இரண்டு கூலி' என்னும் குற்றச்சாட்டு அடிப்படையிலேயே பிழை. முன்னது பழைய உழைப்பின் கூலி. பின்னது புதிய உழைப்பின் கூலி. உழைப்பு இரண்டு, கூலியும் இரண்டு.

இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்த நியாயத்தை அரசின் விதிகள் பாதி ஏற்று, பாதி மறுக்கின்றன. ஓய்வு பெற்ற ஒருவர் தனியார் நிறுவனத்தில் பணிக்குச் சென்றால் அவருடைய ஓய்வூதியத்தில் காசு குறைவதில்லை. மத்திய அரசின் உயர் பதவியில் இருந்தவர்கள் மட்டும் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அனுமதி பெற வேண்டும். முன்னர் இது இரண்டாண்டாக இருந்து 2007இல் குறைக்கப்பட்டது. நேற்று வரை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர் இன்று அதே ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில் இடம்பெறலாகாது என்னும் எச்சரிக்கை அது. ஓராண்டு போதுமா என்று கேட்கலாம். நமக்குப் போதாது என்றே தோன்றுகிறது.

ஆனால் ஓய்வு பெற்றவர் மறுபடியும் அரசுக்கே உழைக்கச் சென்றால் கணக்கு மாறுகிறது. மத்திய அரசில் இதற்கென 1986ஆம் ஆண்டின் ஆணைகள் உள்ளன. 2020 டிசம்பரில் நிதியமைச்சகம் ஒப்பந்த முறையில் அமர்த்தப்படும் ஓய்வூதியர்க்கென ஒரு விதி வகுத்தது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்தைக் கழித்து எஞ்சியதே அவருக்கு ஊதியம், அது ஒப்பந்தக் காலம் முழுதும் உயராது, அகவிலைப்படி கிடையாது. இத்தகைய நியமனங்களை வழக்கமாக்கிக்கொள்ளாமல் மிகக் குறைவாகவே செய்ய வேண்டும் என்றும் அவ்வாணை கூறியது. 2024 அக்டோபரில் ரயில்வே வாரியம் ஆள் பற்றாக்குறையைக் காட்டி, 65 வயதுக்கு உட்பட்ட ஓய்வுபெற்ற ஊழியர்களை இரண்டாண்டு வரை ஒப்பந்தத்தில் அமர்த்த வழி திறந்தபோதும் இதே கழித்தல் கணக்கைத்தான் வைத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நேர்மையாகவே தோன்றும். 'முன்பு வாங்கியதைவிட அதிகம் வாங்காதே' என்பதுதானே. நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். கணித நண்பரின் சகவாசத்தால் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ரயில்வேயில் ஒரு மேற்பார்வையாளர் 70,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். ஓய்வூதியம் பாதி, 35,000. அவரை மறுபடி அழைத்தால் கழித்தல் கணக்கின்படி ஊதியம் 35,000. அதே பணிக்கு ஓர் இளைஞனை இளநிலைப் பொறியாளராகப் புதிதாக எடுத்தால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 35,400. அதன்மேல் அகவிலைப்படி உண்டு. 2024 ஜூலையில் அது 53 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 54,000 ரூபாயைத் தாண்டுகிறது. வீட்டு வாடகைப்படி, ஆண்டு உயர்வு, பதவி உயர்வு, அவனுடைய எதிர்கால ஓய்வுக்காலப் பங்களிப்பு ஆகியவை வேறு. முதியவரின் ஓய்வூதியத்தை அரசு எப்படியும் கொடுத்தே தீர வேண்டும். அவர் வீட்டில் இருந்தாலும் கொடுக்க வேண்டும், பணிக்கு வந்தாலும் கொடுக்க வேண்டும். ஆகவே புதிதாகச் செலவாவது 35,000 மட்டுமே. முப்பதாண்டு அனுபவமுள்ள கை, புதிய கையைவிட மலிவாகக் கிடைக்கிறது! மலிவான பண்டம் அருகில் இருக்கையில் விலையுயர்ந்ததை வாங்க எந்த அலுவலகம் விரைந்து முன்வரும்? காலியிடம் அறிவிக்கப்படாமலே ஆண்டுகள் கழிகின்றன.

பேராசையைத் தடுக்க இட்ட வேலி இளைஞனை வெளியே நிறுத்தும் வேலியாகிவிட்டது. முதியவரின் கூலியைக் குறைத்து அரசு தன்னுடைய செலவை மிச்சப்படுத்திக்கொண்டது. இதில் இளைஞனுக்குக் கிடைத்த நன்மை எதுவும் இல்லை. முதியவருக்கும் நீதி இல்லை. அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைப் பற்றி ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. அதனைக் கடைக்காரர்களுக்கு மட்டும் உரியதென நாம் ஓதி வருகிறோம்.

பகுதி நேரப் பணிக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால் இன்னும் வேடிக்கை. பாதி நேரத்திற்குப் பாதிச் சம்பளம். அதிலிருந்து பாதிச் சம்பளத்திற்குச் சமமான ஓய்வூதியத்தைக் கழித்தால் எஞ்சுவது சுழியம். "பேருந்துச் செலவும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும் ஹஜ்ரத்" என்றார் நண்பர்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியத்தின் மீது விலைவாசிக்கேற்பச் சேர்க்கப்படும் அகவிலை நிவாரணம் வேறு இனத்தைச் சேர்ந்தது. மறுபணியில் இருக்கும் காலத்தில் அதனை நிறுத்திவைப்பது தவறன்று என்று வாசுதேவன் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 டிசம்பரில் கூறியது. நம் ஃபிக்ஹு நூல்களை அறிந்தவர்க்கு இதில் வியப்பிராது. பெற்றோர்க்குப் பிள்ளைகள் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் தேவையைப் பொறுத்தது. தந்தைக்குப் போதிய வருவாய் இருந்தால் கடமை நீங்குகிறது. மஹரோ தேவையைப் பொறுத்ததன்று. ஓய்வூதியத்தின் மூலத்தொகை மஹரைப் போன்றது. நிவாரணம் ஜீவனாம்சத்தைப் போன்றது. படை வீரர்களிடத்திலும் சட்டம் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருக்கிறது. நாற்பது வயதிற்குள் ஓய்வு பெற்று வந்துவிடும் சிப்பாய், மறுபடி அரசுப் பணியில் சேர்ந்தால் அவருடைய ஓய்வூதியத்தைச் சம்பள நிர்ணயத்தில் கணக்கில் கொள்வதில்லை. அவருக்கு வாழ்வின் பாதி மீதியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாயில்களில் காவலுக்கு நிற்போரில் இத்தகையோர் பலர். அவர்களை யார் குறைசொல்ல இயலும்? தொழிலாளர் வைப்பு நிதியின் ஓய்வூதியத்தில் 2014இல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என வரையறுத்தார்கள். அந்த ஆயிரத்தை வாங்குகிற முதியவர் இரவுக் காவலுக்குப் போவதை 'இரட்டைக் கூலி' என்பவர் அரிசி விலை அறியாதவர். 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர் பழைய ஓய்வூதியத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டதும் நினைவிற்குரியது. நம் நண்பர் அதற்குப் பத்தாண்டு முன்னரே சேர்ந்தவராதலால் தப்பினார்.

அமெரிக்காவில் கலிபோர்னிய மாநிலம் வேறு வழி கண்டிருக்கிறது. அங்கே ஓய்வு பெற்ற பொதுப்பணியாளர் ஓய்வூதியத்தை இழக்காமல் மறுபடி பணியாற்றலாம். ஆனால் ஒரு நிதியாண்டில் 960 மணி நேரத்திற்கு மேல் கூடாது. ஓய்வு பெற்றபின் பொதுவாக 180 நாள் காத்திருக்கவும் வேண்டும். கூலியில் கை வைப்பதற்குப் பதிலாக நேரத்தில் வரம்பு கட்டினார்கள். காத்திருக்கும் அந்த ஆறு மாதத்தில் நாற்காலி சற்றே குளிர்ந்துவிடுகிறது. வேறொருவர் அமர வாய்ப்புண்டாகிறது. நமக்கு இதுவே நேர்மைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆக, பணம் ஹலால். எஞ்சி நிற்பது இடம். நண்பரை உறுத்தியதும் அதுவே.

நம் தமிழகத்தில் அரசுப் பணியின் ஓய்வு வயது 58ஆக இருந்தது. 2020 மே மாதத்தில் 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. நோய்த்தொற்றுக் காலத்து நிதி நெருக்கடியில், ஓய்வுபெறுவோர்க்கு ஒருசேரக் கொடுக்க வேண்டிய தொகையைத் தள்ளிவைக்க அது உதவியது. தேர்வெழுதிக் காத்திருந்தவர்களுக்கு இரண்டாண்டு வாசல் அடைத்தது. 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களை மேலாண்மைக் குழு வழியே தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது இடைநிலை ஆசிரியர்க்கு 7500, பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000, முதுநிலை ஆசிரியர்க்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இரண்டு பட்டமும் ஒரு தகுதித் தேர்வும் பெற்ற பெண்பிள்ளைக்கு மாதம் பத்தாயிரம்! நெம்மேலியில் கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாளிடம் இந்தத் தொகையைச் சொன்னால் அவர் இரக்கப்படுவார்.

நெம்மேலியில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி உண்டு. இக்கரைப் பிள்ளைகளும் மீனவக் குப்பங்களின் பிள்ளைகளும் சென்னைக்குப் பயணம் செய்யாமல் பட்டம் பெற அது வழிசெய்தது. தமிழகத்து அரசுக் கல்லூரிகள் பலவற்றில் பாடம் நடப்பது கௌரவ விரிவுரையாளர்களாலேயே. அவர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாக இருந்து பின்னர் 25,000 ஆயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன உச்சவரம்போ 50,000. அதே குழு, ஓய்வு பெற்ற பேராசிரியர்களையும் 70 வயது வரை இப்பணிக்குக் கருதலாம் என்றது. ஒருபுறம் முனைவர் பட்டம் பெற்று முப்பத்தைந்து வயதாகியும் திருமணத்திற்குத் தயங்கி நிற்கும் இளைஞர். மறுபுறம் ஓய்வூதியத்தோடு வருகிற மூத்தவர். இருவரும் ஒரே வாயிலில் ஒரே விளம்பரத்தைப் படிக்கிறார்கள். மூத்தவருக்கு 25,000 கைச்செலவு. இளையவருக்கு அதுவே குடும்பம். குறைந்த கூலிக்கு வரக்கூடிய மூத்தவர் இருக்கும்வரை இளையவரின் கூலி உயர்வதற்கும் வழியில்லை. இதை எந்தக் கழித்தல் கணக்கும் காட்டாது.

கூலியை மறுத்துவிட்டு இனாமாகப் பாடம் சொன்னால் குற்றம் நீங்குமா? நண்பரிடம் அந்த எண்ணமும் இருந்தது. இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அப்துல்லாஹ் இப்னு ஸஅதீ என்பவர் பொதுப்பணிகளைச் செய்துவிட்டு ஊதியத்தை மட்டும் மறுத்துவந்தார். தமக்குக் குதிரைகளும் பணியாட்களும் உண்டு, நல்ல நிலையில் இருக்கிறோம், உழைப்பு தருமமாகவே போகட்டும் என்பது அவர் கருத்து. கலீஃபா அதை ஒப்பவில்லை. தாமும் முன்னர் அவ்வாறே செய்ய முயன்றதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டு பொருளாக்கி, விரும்பினால் பின்னர் தருமம் செய்யும்படி பணித்ததையும் எடுத்துக் கூறினார்கள். தேடாமலும் ஆசைப்படாமலும் வருவதைப் பெற்றுக்கொள்ளலாம். வராததன் பின்னே மனத்தை ஓடவிடலாகாது என்பதே அண்ணலாரின் அறிவுரையின் கருத்து.

இதில் நுட்பம் இருக்கிறது. இனாமாக உழைப்பவர் தம்மைத் தூயவராக்கிக்கொள்ளலாம். ஆனால் கூலி வாங்கித்தான் வாழ வேண்டிய அடுத்தவரை அவர் வாயிலுக்கு வெளியே தள்ளிவிடுகிறார். இலவசத்தோடு யார் போட்டியிட முடியும்? வசதியுள்ளவரின் கொடை இல்லாதவரின் வேலையைத் தின்றுவிடக்கூடும். நண்பர் இனாமாகச் சென்றால் தங்கை மகளின் மனு இன்னும் விரைவாகக் குப்பைக் கூடைக்குப் போகும்.

முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாறு மறுபுறத்தைக் காட்டுகிறது. பொறுப்பேற்றபின் வழக்கம்போல் துணிகளைத் தோளில் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டவர்களைத் தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பத்திற்குப் போதுமான படியை நிர்ணயித்தார்கள். ஒருவரே ஆட்சியும் வணிகமும் நடத்தலாகாது என்பதற்காகவே அப்படி. இறுதிக் காலத்தில் அவர்கள் பொதுச்சொத்தாகத் தம்மிடம் எஞ்சியிருந்தவற்றைப் புதிய கலீஃபாவிடம் சேர்ப்பிக்கச் சொன்னார்கள். பின்வருவோர்க்கு இப்பாதையைக் கடினமாக்கிவிட்டார்களே என்று உமர் (ரலி) கலங்கினார்கள். நாம் இதில் காண்பது: ஊதியம் பெற்றதற்காக அவர்கள் வருந்தவில்லை. பொறுப்பு முடிந்ததும் பொறுப்பின் சின்னம் ஒன்றுகூடத் தம் வீட்டில் தங்கலாகாது என்று எண்ணினார்கள். ஊதியம் ஹக்கு, பதவி அமானத். ஹக்கைக் கேட்டு வாங்கலாம். அமானத்தைத் திருப்பிக் கொடுத்தபின் அதன்மேல் ஒரு கை வைத்திருக்கலாகாது.

ஓய்வு பெற்ற அதிகாரி தம் இடத்தை நிரப்பாமல் வைக்கும்படி தம் கீழிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்து, ஆறாம் மாதம் 'ஆலோசகர்' என்னும் பெயரில் அதே அறையில் அமர்வதை நாம் கண்டிருக்கிறோம். அவர் வாங்கும் தொகை சிறியதாகவே இருக்கலாம். ஆனால் தேடாமல் வந்ததா அது? ஓய்வூதியர் நேர்காணலில் வேறு பணியில் இல்லை என்று ஒப்பமிட்டுவிட்டு வேறொரு துறையில் சம்பளம் வாங்குவோரும் இல்லாமல் இல்லை. இதில் ஆராய்வதற்கு எதுவும் இல்லை. பொய் பொய்தான், அந்தப் பொய்யால் வந்த காசும் அத்தகையதே.

இவ்வளவு எழுதும்போது நம் வீட்டுக் குப்பையை மறைத்தல் தகாது. அரசு ஊழியரின் மறுவேலையைப் பற்றி நாம் வாதிடுகிறோம். நம் பள்ளிவாசல்களில் எழுபத்தைந்து வயது இமாம் தூணைப் பிடித்து எழுந்து ருகூவிலிருந்து நிமிர்கிறாரே, அவருக்கு ஓய்வே இல்லையே, மறுவேலை எங்கிருந்து வரும்? நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதைப் பார்வை மங்கியதும் ஒரு பொன்னாடையோடு அனுப்பிவைத்த ஜமாஅத்துகள் உண்டு. அரசு உலமாக்களுக்கென ஓர் ஓய்வூதியத் திட்டம் வைத்திருக்கிறது. அதன் தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது. உமர் (ரலி) அவர்கள், வீடு வீடாகக் கையேந்திய முதிய யூதர் ஒருவரைக் கண்டு, இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகுமா என்று வருந்திப் பொது நிதியிலிருந்து வழிசெய்ததை அபூ யூஸுஃப் இமாம் 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் எழுதிவைத்திருக்கிறார்கள். மிம்பரில் இதை நாமே பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம், கீழே முதல் வரிசையில் அந்த வயோதிக முஅத்தின் அமர்ந்திருக்க. அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பர் நமக்கு முன்பே வந்து காத்திருந்தார். பணம் ஹலால் என்பதையும், தங்கை மகளின் மனு இருக்கும்போது அவர் சென்று அமர்வது முறையன்று என்பதையும் சொன்னோம். அவர் உடனே ஒப்பவில்லை.

"தலைமையாசிரியரிடம் நானே கேட்டேன் ஹஜ்ரத். அவளுக்குப் பத்தாம் வகுப்பு எடுத்துப் பழக்கமில்லை, பொதுத்தேர்வுக்கு மூன்று மாதந்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் புதியவரை விட்டால் பிள்ளைகள்தான் தோற்பார்கள் என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. முதல் ஆண்டில் நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்பது எனக்குத் தெரியுமே."

இதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதியவரின் ஹக்கையும் இளையவரின் ஹக்கையும் தராசில் வைத்துக்கொண்டிருந்தோம். பெஞ்சில் அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளை மறந்துபோனோம். மூவரில் மிக எளியவர்கள் அவர்கள். சூளேரிக்காட்டுக் குப்பத்தில் விடியற்காலை வலையிழுத்துவிட்டு மகனைப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பனுக்கு யார் வேலை பெறுகிறார் என்பதைவிட மகன் கணக்கில் தேறுகிறானா என்பதே பெரிது. அனுபவம் என்று முதியோர் சொல்வதெல்லாம் நாற்காலி ஆசையன்று. சில சமயம் அது உண்மையாகவே அனுபவந்தான். சிலர் பள்ளிக்குத் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் அந்தத் தேவைக்கு ஓர் எல்லை வேண்டும். புதியவரை வகுப்பிற்குள் விடாமலே 'புதியவருக்குப் பழக்கமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டும் இதே காரணம் நிற்கும், அதற்கடுத்த ஆண்டும் நிற்கும். ஆகவே நண்பரிடம் இப்படிச் சொன்னோம்: "தேர்வு முடியும்வரை போங்கள் சார். தருகிற தொகையை வாங்கிக்கொள்ளுங்கள், இனாமாகச் செய்யாதீர்கள். தேர்வுக்குப் பின் ஒரு நாளும் போகாதீர்கள், அவர்களே அழைத்தாலும். ஒன்பதாம் வகுப்பை உங்கள் மருமகளிடம் இப்போதே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவளுக்கென்று கேட்காதீர்கள். மனுக் கொடுத்தவர்களில் யார் தகுதியோ அவருக்கு என்று கேளுங்கள். வேறொருவர் தேர்வானால் அவருக்கும் உங்கள் அனுபவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்."

கடைசி வாக்கியம் அவருக்குச் சற்றுக் கசந்தது. தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஓய்வூதியர் நேர்காணலுக்கான படிவம். அம்மாதமே கருவூலத்தில் கொடுக்க வேண்டியது. வேறு பணியில் இருக்கிறாரா என்னும் கேள்விக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது. "இது அரசுப் பணம் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பணம். இதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டார்.

"எழுதுங்கள். கணக்கில் சேருமா சேராதா என்பதைக் கருவூலத்தார் பார்த்துக்கொள்ளட்டும்."

"நிவாரணத்தை நிறுத்திவிட்டால்?"

"மூன்று மாதந்தானே சார்."

அவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, படிவத்தை முழங்காலின் மேல் வைத்து, பள்ளியின் பெயரையும் வாரத்தில் மூன்று நாள் என்பதையும் தமக்கே உரிய குண்டு எழுத்தில் எழுதினார். தொகையை எழுதும் முன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் அதையும் எழுதினார்.